கதவைத் தொடும்வரை

மலையடிவாரப் பாசறை
1247 ஏப்ரல் 14, பாஸ்குத் திருநாளுக்குப் பின் இரண்டாம் ஞாயிறு

அன்புள்ள அசலாயிஸ் அக்காவுக்கு,

தம்பி இசார்ன் எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையில் நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மழையில் அத்தானின் சாயத்தொட்டிகள் நிரம்பி வழியவில்லையே?

நார்போனை விட்டு வந்து ஐந்து வாரம் ஆகிறது. இங்கே ஒரு படையில் தச்சு வேலை கிடைத்திருக்கிறது. பயப்படாதே, வில்லையோ வாளையோ தொடுகிற வேலை இல்லை. நீளமாக ஒரு கூரை கட்ட வேண்டும். அடியில் சக்கரம் வைத்த கூரை. என் கீழே பதினெட்டுப் பேர் வேலை செய்கிறார்கள்.

முந்தாநாள் காட்டில் ஓக் மரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். இருபத்தைந்து முழ நீளம், அடிமுதல் நுனிவரை ஒரு கணு கிடையாது. படைத்தலைவரே குதிரையில் வந்து பார்த்தார். "மேஸ்திரி, இந்த மரத்த இத்தன நாள் எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்தீரு?" என்று தோளில் தட்டினார். அப்பா ஆயுள் முழுக்க உளி பிடித்தார், ஒரு பிரபுவும் அவர் தோளைத் தொட்டதில்லை.

ஊர்ப் பெயரைச் சொன்னாலும் உனக்குத் தெரியாது. கல்லும் மலையும்தான்.

நம் கடைசித் தம்பி, சின்னவன் பொன்ஸைப் பற்றி ஏதாவது தெரியுமா? அவன் பழைய இடத்தை விட்டுப் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள். உண்மைதானா என்று எழுது.

அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி
இசார்ன்


நார்போன்
மே 12

அன்புத் தம்பி இசார்னுக்கு,

உப்பு வியாபாரி கொண்டுவந்த உன் கடிதத்தைப் படித்து மனம் குளிர்ந்தது. நாங்கள் நலம். முழங்கால் அப்படியேதான். படி ஏறினால் என்னைத் திட்டுகிறது, இறங்கினால் உன் அத்தானைத் திட்டுகிறது.

உன் கடிதத்தை உரக்கப் படித்தேன். அத்தான் நீலக் கையோடு வந்து நின்று, "சக்கரம் வச்ச கூரையா? வீட்ட எங்க ஓட்டிட்டுப் போறான் உன் தம்பி?" என்று கேட்டார். எனக்கும் புரியவில்லை. விவரமாக எழுது.

பொன்ஸ் எங்கும் போகவில்லை. ரோக்கமோராக் கோட்டையில்தான் பீப்பாய் செய்துகொண்டிருக்கிறான். அவன் மனைவி ரைமோந்தாவுக்குக் கிறிஸ்துமஸ் வாரத்தில் பெண் பிறந்தது. நம் அம்மாவின் பெயரையே வைத்திருக்கிறார்கள், ஔதா என்று. எனக்குக் கன்னியர் மடத்திலும் உனக்குத் துறவிகளிடமும் எழுத்து வந்தது. அவனுக்கு மட்டும் ஏறவே இல்லை. யாரையாவது பிடித்துச் சொல்லி அனுப்பினால்தான் உண்டு.

அந்தக் கோட்டையை ஒரு படை வளைத்திருப்பதாகச் சந்தையில் பேசிக்கொள்கிறார்கள். நீ படைகளோடு சுற்றுகிறவன். அங்கே என்ன நிலைமை என்று விசாரித்து எழுது. எனக்குத் தூக்கம் வரவில்லை.

அன்புள்ள அக்கா
அசலாயிஸ்


பாசறை
ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் அத்தானும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

அத்தானிடம் சொல், அது வீடு இல்லை. அவர் கேலி செய்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். கூரைக்கு அடியில் அந்த ஓக் மரம் இரும்புச் சங்கிலிகளில் ஊஞ்சல்போலத் தொங்கும். அதன் நுனிக்குக் கொல்லன் ஒரு மனிதன் கனத்துக்கு இரும்புத் தலை செய்து மாட்டியிருக்கிறான். படையில் அதைக் கடா என்கிறார்கள். பக்கத்துக்கு முப்பது பேர் கயிற்றைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டால், அது போய்க் கோட்டைக் கதவை முட்டும். மேலிருந்து தீயைக் கொட்டுவார்கள் என்பதற்காகக் கூரைமேல் மாட்டின் பச்சைத் தோலைப் போர்த்திச் சேறு பூசியிருக்கிறோம். புளித்த திராட்சைக் காடியில் நனைத்த சாக்கும் உண்டு. நாற்றம் குடலைப் பிடுங்குகிறது. ஈ மொய்க்காத ரொட்டியைத் தின்று பல நாளாயிற்று.

ஆனால் நீ கவலைப்பட ஒன்றுமில்லை. தலைவர் கோட்டை வாசலுக்கு ஆள் அனுப்பிக் கூவச் சொல்லியிருக்கிறார். கடாவின் தலை கதவைத் தொடும்வரை யார் வெளியே வந்தாலும் உயிர் அவர்களுக்கு. தொட்டுவிட்டால் பிறகு எந்த வாக்கும் செல்லாது. இது போர்க்களத்து வழக்கம். கொல்லன் ஆறு முற்றுகை பார்த்தவன். "கதவுக்கு முன்னாடி கொண்டுபோய் நிறுத்துனாலே போதும், மேஸ்திரி. அதப் பாத்ததும் சாவிய எடுத்துட்டு வந்துருவானுவ" என்கிறான். அதனால் நான் செய்வது உண்மையில் ஒரு பயமுறுத்தல்தான். ஒருவருக்கும் காயம் படாது.

ரோக்கமோரா இங்கிருந்து வெகு தூரம். அந்தப் பக்கத்துச் செய்தி எதுவும் வருவதில்லை.

உன் தம்பி
இசார்ன்


நார்போன்
ஜூன் 20

தம்பி இசார்னுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா?

நேற்று ஒரு துணி வியாபாரி சாயத்துக்குக் கம்பளி கொண்டுவந்தார். ரோக்கமோரா வழியாக வந்தவர். கோட்டைக்குக் கீழே பெரிய தச்சுப் பட்டறை நடப்பதாகவும், அதன் மேஸ்திரி நம் ஊர்ப் பேச்சுப் பேசுகிறவர் என்றும் சொன்னார். "ஒசரமா, மூக்கு நீளமா, வேல செய்யும்போது கோயில் பாட்ட மூக்காலயே பாடுறாரு" என்றார். அத்தான் என் முகத்தைப் பார்த்தார். நான் கம்பளியை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

அது நீயா?

நீயாக இருந்தால் நான் கோபப்பட மாட்டேன். ஒருவகையில் நல்லதுதான். உன் சொல்லைத் தலைவர் கேட்பார் போலிருக்கிறது. சின்னவனையும் ரைமோந்தாவையும் குழந்தையையும் வெளியே கொண்டுவா.

உடனே பதில் எழுது.

அசலாயிஸ்


ரோக்கமோரா
ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நான்தான். ரோக்கமோரா என்று முதல் கடிதத்திலேயே எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை. வேலையை ஒப்புக்கொண்டபோது எந்தக் கோட்டை என்று எனக்குத் தெரியாது. தெரிந்தபோது மரத்தை வெட்டியாகிவிட்டது. இது சரியான காரணம் இல்லை என்று எனக்கே தெரிகிறது.

பொன்ஸை இதுவரை பார்க்கவில்லை. சுவர்மேல் தலைகள் தெரியும், முகம் தெரியாது.

போன வாரம் ஒரு வில்லாளி மாட்டிக்கொண்டான். அவன் மைத்துனன் உள்ளே இருக்கிறானாம். அம்பில் சேதி கட்டி அனுப்பினான் என்று குற்றம் சாட்டி எல்லோருக்கும் முன்னால் தூக்கிலிட்டார்கள். அதன் பிறகு தலைவர் எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "உள்ள உமக்குச் சொந்தக்காரன் எவனாவது உண்டா?" என்று விசாரித்தார்.

அகழியைச் சுள்ளிக்கட்டும் மண்ணும் போட்டு நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். முக்கால் பங்கு முடிந்தது. தலைவர் என்னைத் தன் பந்தியில் உட்கார வைக்கிறார். நல்ல சமயம் பார்த்து அவரிடம் பேசுகிறேன். கடா கதவுவரை போக இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் அவர்களே வெளியே வந்துவிடுவார்கள்.

உன் தம்பி
இசார்ன்


நார்போன்
ஜூலை 12

தம்பிக்கு,

நாங்கள் சுகம்.

தலைவர் கேட்டதற்கு நீ என்ன பதில் சொன்னாய் என்று எழுதவில்லையே.

நல்ல சமயம் எல்லாம் பார்க்காதே. உள்ளே இருப்பவன் என் தம்பி என்று சொல். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் தேவையில்லை.

அசலாயிஸ்


கர்க்கசோன் சாலை, சத்திரம்
ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சுகமா? எனக்கு நடுவில் காய்ச்சல் வந்துவிட்டது, அதனால்தான் எழுதத் தாமதம். இப்போது பரவாயில்லை.

ரோக்கமோரா ஜூலை இருபத்தைந்தாம் தேதி விழுந்தது. கேள்விப்பட்டிருப்பாய். நான் உள்ளே போய்த் தேடினேன். பொன்ஸைக் காணவில்லை. முற்றுகைக்கு முன்பே குடும்பத்தோடு எங்காவது போயிருப்பான் என்று தோன்றுகிறது. பீப்பாய் செய்கிறவனுக்கு எந்த ஊரிலும் வேலை உண்டு. திராட்சை அறுவடை முடிந்ததும் ஆள் அனுப்புவான், பாரேன்.

கணக்கு முடித்துக்கொண்டு படையை விட்டு வந்துவிட்டேன். தலைவர் கூடவே இருக்கச் சொன்னார், நான் இருக்கவில்லை. இங்கே ஒரு மாதாகோயிலுக்கு உத்தரம் மாற்றுகிற வேலை. வெயில் கடுமையாக இருக்கிறது. அத்தானைச் சாயப் புகையில் அதிகம் நிற்க வேண்டாம் என்று சொல்.

உன் தம்பி
இசார்ன்


நார்போன்
செப்டம்பர் 29, மிக்கேல் சம்மனசு திருநாள்

தம்பி இசார்னுக்கு,

வீட்டில் அனைவரும் சுகம். இந்த வருஷம் கம்பளி வரத்துக் குறைவு. முழங்காலுக்கு மருத்துவன் ஏதோ எண்ணெய் கொடுத்திருக்கிறான்.

சென்ற ஞாயிறு பொன்ஸின் ஆத்துமத்துக்காகப் பூசை வைத்தோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அசலாயிஸ்


கர்க்கசோன் சாலை, சத்திரம்
அக்டோபர் 20

அக்காவுக்கு,

சுகம் விசாரிக்கிற தகுதியை இழந்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். காணவில்லை என்று நான் எழுதினேன். நீ ஆத்தும பூசை வைத்திருக்கிறாய். எப்படித் தெரிந்தது என்று கேட்க மாட்டேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

உள்ளே சொந்தம் உண்டா என்று தலைவர் கேட்டபோது, இந்தச் சீமையிலேயே எனக்கு யாரும் இல்லை என்று சொன்னேன். தூக்கில் தொங்கிய வில்லாளியின் கால்கள் என் பட்டறையிலிருந்து பார்த்தால் தெரியும். பயம் பாதி. மீதிப் பாதி, அந்தப் பந்தியில் என் இடம் போய்விடுமே என்பது. அதைச் சொல்ல நாக்கு கூசுகிறது. ஆனாலும் அதுதான் உண்மை.

மரியமதலேனம்மாள் திருநாளுக்கு மறுநாள் காலை, அகழிமேல் கூரையை உருட்டிக்கொண்டு போனோம். கதவுக்கு அறுபது அடி இருக்கும்போது வாசல் கோபுரத்தில் ஒருவன் வெள்ளைத் துணியை ஆட்டினான். எல்லோரும் நின்றோம். பொன்ஸ்தான் அது. தாடி வைத்திருந்தான். இளைத்துப்போய்க் கழுத்தெலும்பு தெரிந்தது. கூரையின் பக்கவாட்டில் நின்ற என்னைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டான். நான் ஒரு சங்கிலியின் கொக்கியைச் சரிபார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன். அவன் கத்தினான்: "ஒரே ஒரு நாள் பொறுங்க! கோட்டைக்காரரு சம்மதிச்சிட்டாரு. மத்தவங்களப் பேசி ஒத்துக்க வச்சிட்டிருக்கோம். நாளைக்குக் காலையில கதவத் திறந்துருவோம்!"

தலைவர் என் பக்கம் குதிரையைத் திருப்பினார். "உம்மப் பாத்துல்ல கத்துறான் மேஸ்திரி? யாரவன்?"

"தெரியலீங்க."

"அண்ணான்னானே?"

"தூரத்துல ஆள் தெரியாம கூப்பிடுறான் போலிருக்கு."

அவர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு சொன்ன வார்த்தைதான் அக்கா, இன்றைக்கும் காதில் இருக்கிறது. "உமக்கு வேண்டியவனா இருந்தாச் சொல்லும், பரவால்ல. அவன் பேச்ச நம்பலாம்னு நீர் சொன்னா, ஒரு நாள் பொறுக்கிறதுல எனக்கு ஒண்ணும் கொறஞ்சு போகாது. உதவிக்குப் படை வர்ற வரைக்கும் நாள் கடத்துறானுகளான்னுதான் பாக்குறேன்."

சிரித்த முகத்தோடுதான் கேட்டார். வாயைத் திறந்தால் போதும். திறந்தேன். "எனக்கு அவனத் தெரியாதுங்க" என்றேன்.

"அப்ப உருட்டுங்கடா" என்றார் அவர்.

இழுப்பவர்களுக்கு எண்ணிக்கை சொல்கிறவன் நான்தான். என் வாயால்தான் கடா முதல்முறை கதவைத் தொட்டது. அதன் பிறகு அவர்கள் மேலிருந்து துணியை ஆட்டவில்லை. கம்பளி மூட்டைகளைக் கயிற்றில் இறக்கி இடிக்கும் இடத்துக்கு மெத்தை வைத்தார்கள். நீளக் கழியில் அரிவாளைக் கட்டி அந்தக் கயிறுகளை அறுக்க யோசனை சொன்னது நான். கொக்கி போட்டுக் கடாவின் தலையைத் தூக்கப் பார்த்தார்கள். சுடுமணலைக் கொட்டினார்கள். எங்கள் ஆட்கள் ஒன்பது பேர் செத்தார்கள். மூன்றாம் நாள் பிற்பகல் கதவின் குறுக்குமரம் முறிந்தது.

வாசலுக்குள்ளே, பீப்பாய்களை அடுக்கித் தடுப்புக் கட்டியிருந்தார்கள். அதற்குப் பின்னால் பொன்ஸ் கிடந்தான். தலைவர் என் தோளில் கை போட்டுக்கொண்டு, "எங்க மேஸ்திரி வேலையப் பாருங்கய்யா" என்று மற்றப் பிரபுக்களுக்கு உடைந்த கதவைக் காட்டிக்கொண்டே நடந்தார். நானும் நடந்தேன். வழியில் கிடந்தவர்களைத் தாண்டித் தாண்டித்தான் போக வேண்டும். அவனையும் தாண்டினேன். நிற்கவில்லை. சாமியார் புதைகுழிக்குப் பக்கத்தில் நின்று, "இவங்கள்ல யாரு பேராவது தெரியுமா?" என்று கேட்டபோதும் நான் பேசவில்லை.

ரைமோந்தாவையும் குழந்தையையும் நான் காணவில்லை. அது மட்டும் பொய் இல்லை.

பதில் எழுத வேண்டாம். எழுதினால் என்ன எழுதுவாய்?

இசார்ன்


நார்போன்
நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாள்

இசார்னுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

ரைமோந்தா இங்கே என் வீட்டில்தான் இருக்கிறாள். ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். காலில் தோலே இல்லை. எல்லோர் கண்ணும் வாசலில் இருந்த நேரத்தில், பின்பக்கச் சுவரிலிருந்து பெண்கள் சிலரைக் கூடையில் வைத்து இறக்கிவிட்டிருக்கிறார்கள். பொன்ஸ்தான் கயிற்றைப் பிடித்திருக்கிறான். அவன் செத்த செய்தியை, அங்கிருந்து தப்பி வந்த ஒருவர் வழியில் அவளிடம் சொல்லியிருக்கிறார்.

'முன்பே எங்காவது போயிருப்பான்' என்ற உன் கடிதம் வந்தபோது அவள் என் அடுப்படியில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கடிதத்தை நான் உரக்கப் படிக்கவில்லை.

அன்று கோபுரத்திலிருந்து இறங்கி வந்தவன் அவளிடம் என்ன சொன்னான் தெரியுமா? அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "கீழ ஒருத்தரப் பாத்து அண்ணன்னு நெனச்சுக் கூப்பிட்டுட்டாகளாம், மதினி. ஆளு வேறயாம். 'எங்க அண்ணனா இருந்தா திரும்பிப் பாத்திருப்பான்டீ, இந்த வேலைக்கெல்லாம் வர மாட்டான்'னு சொல்லிச் சிரிச்சாக. அத்தன பேருக்கு முன்னாடி தப்பா கூப்பிட்டுட்டமேன்னு அவுகளுக்கு ஒரே வெக்கம்."

அவன் வெட்கப்பட்டிருக்கிறான், இசார்ன்.

நீ அங்கேதான் இருந்தாய் என்பது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. இரண்டையும் கூட்டிப் பார்க்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நீயாகச் சொல்கிறாயா என்று காத்திருந்தேன். அதற்காக மூன்று மாதமாக அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரே மேஜையில் சாப்பிட்டேன். உன் பொய்யை நானும் சேர்ந்து சுமந்திருக்கிறேன். "பெரியத்தான் எப்ப வருவாக? வந்தா அந்த மலைக்குப் போயி அவுகளப் பொதச்ச எடத்த விசாரிப்பாகள்ல?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் நான் எழுந்து தொட்டிப் பக்கம் போய்விடுவேன்.

நான் அவளிடம் சொல்லப்போவதில்லை. அது நீ செய்ய வேண்டியது. கிறிஸ்துமஸுக்கு வா. வந்தால் சொல்வதற்காக வா. சொல்ல முடியாதென்றால் இந்தத் தெருப் பக்கமே வராதே.

அசலாயிஸ்


நார்போன்
1248 மார்ச் 8, தவசுகாலத்து முதல் ஞாயிறு

இசார்னுக்கு,

நீ எங்கே தங்கியிருக்கிறாய் என்று உன் மாதாகோயில் வேலைக்கு உத்தரம் சுமக்கிறவர்களிடம் விசாரித்து இதை அனுப்புகிறேன்.

கிறிஸ்துமஸன்று நீ வந்ததையும், நனைந்த மேலாடையைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே அவளிடம் சொன்னதையும் நான் குறை சொல்ல மாட்டேன். உட்கார்ந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாய். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சாயக்கொட்டகைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதும் நீ கிளம்பிவிட்டாய். அத்தான் தெருமுனைவரை உன் பின்னால் வந்தாராம், நீ திரும்பவில்லையாம்.

அதன் பிறகு அவள் உன் பெயரை எடுக்கவில்லை. திட்டவுமில்லை. வேலை செய்தாள், சாப்பிட்டாள், குழந்தைக்குப் பாலூட்டினாள். நேற்று துணியைப் பிழிந்துகொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"மதினி, அவுக எத்தன தடவ கூப்பிட்டாக?"

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

"அவரக் கேளுங்க. எழுதச் சொல்லுங்க. வாயால சொன்னா நாளைக்கு மாத்திச் சொல்லலாம். எழுதிட்டா மாத்த முடியாதுல்ல."

எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டதைக் கேட்டபடி எழுதிவிட்டேன். நாங்கள் சுகம்.

அசலாயிஸ்


கர்க்கசோன் சாலை
மார்ச் 22

ரைமோந்தாவுக்கு,

அக்கா இதை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் உனக்கு வாசித்துக் காட்டுவாள்.

நான்கு தடவை.

முதல் தடவை, "அண்ணா" என்று மட்டும். என்னைப் பார்த்த சந்தோஷத்தில் கூப்பிட்டான். துணியை ஆட்டுவதைக்கூட நிறுத்திவிட்டான்.

இரண்டாவது, "இசார்ன் அண்ணா" என்று. காற்று அடித்துக்கொண்டிருந்தது, பின்னால் இருந்த தலைவருக்குப் பெயர் பிடிபடவில்லை. எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்து, வாயின் இருபக்கமும் கையை வைத்துக் கத்தினான்.

மூன்றாவது, "அண்ணா, நாந்தான் பொன்ஸ்" என்று. தாடி இருப்பதால் எனக்கு அடையாளம் தெரியவில்லை என்று எண்ணிவிட்டான். கையால் தாடியை மூடிக்கொண்டு முகத்தைக் காட்டினான். இதற்குப் பிறகுதான் ஒரு நாள் பொறுக்கச் சொன்னான். தலைவர் என்னைக் கேட்டதும் அப்போதுதான்.

நான்காவது, கடாவை உருட்டத் தொடங்கிய பிறகு. அப்போது அவன் அண்ணா என்று கூப்பிடவில்லை. "ஐயா, தச்சரே" என்று கூப்பிட்டான். தெரியாத ஒருவரைக் கூப்பிடுவதுபோல, மரியாதையாக.

நான்கும் எனக்கு நன்றாகக் கேட்டது.

இசார்ன்